பூட்டிய கடைக்கும் பிசினஸ் ரேட்ஸா? கேள்வி பதில்

பிசினஸ் ரேட்ஸ் என்பது தொழில் நடத்தும் கட்டடங்களுக்குக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வசூலிக்கும் வரி. கடை, ஆபீஸ், கிடங்கு வைத்திருக்கும் நம்மவர்கள், கட்டடம் காலியாகக் கிடக்கும்போது வரும் இந்த வரி பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். சொல்வதெல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): அண்ணா, எனக்கு இருப்பது ஒரே ஒரு மளிகைக் கடை, சொந்தக் கட்டடம். ரேட்டபிள் வேல்யூ (வரிக்காகப் போடும் ஆண்டு வாடகை மதிப்பு) 9,000 பவுண்டு. நடத்திய காலத்தில் ஒரு பென்னி ரேட்ஸ் கட்டியதில்லை. மூடி நாலு மாதம் ஆகிறது, இப்போது பில் வந்திருக்கிறது. கவுன்சில் தப்பாக அனுப்பிவிட்டதா?

பதில்: தப்பில்லை. நம் சிறு கடைக்காரர்களை அதிகம் அடிப்பது இதுதான். ரேட்டபிள் வேல்யூ 12,000 வரை உள்ள ஒரே இடத்தில் தொழில் செய்தால் சிறு வணிகச் சலுகையில் முழுத் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அது கடை நடந்தால்தான். கடை காலியானதும் அந்தச் சலுகை நின்றுவிடும். அப்புறம் காலிக் கட்டடம் என்று மூன்று மாதம் வரியில்லாமல் விடுவார்கள். கிடங்கு, தொழிற்கூடம் என்றால் ஆறு மாதம். அதற்குப் பிறகு முழு வரி. 2008 ஏப்ரலுக்கு முன் காலிக் கடைக்குப் பாதி வரிதான், கிடங்குக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டு இன்னும் பலர் ஏமாறுகிறார்கள்.

உங்கள் கடைக்கு ஆண்டுக்கு நாலாயிரம் பவுண்டுக்கு அக்கம்பக்கம் வரும். நல்ல வாடகைக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத வாடகையில் இருநூறு குறைத்துக் கொடுத்தால் ஆண்டுக்கு 2,400தான் நட்டம். வருகிறவருக்கும் அது ஒரே கடை என்றால் சலுகை அவருக்குக் கிடைக்கும். வரி யாருக்கும் இல்லை, கடையும் திறந்திருக்கும்.

கேள்வி (டூட்டிங்): லீஸ் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வியாபாரம் சரியில்லை, சாவியை லேண்ட்லார்ட் ஆபீஸில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி வரி அவர் தலையில்தானே?

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். காலிக் கட்டடத்துக்கு வரி கட்ட வேண்டியவர் அந்த இடத்தை அனுபவிக்க உரிமை உள்ளவர். லீஸ் உயிரோடு இருக்கும்வரை அது நீங்கள்தான். சாவியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டதாலேயே லீஸ் முடிந்துவிடாது. லேண்ட்லார்ட் அதை முடிவாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்றைக்கே பேசி, இந்தத் தேதியில் லீஸ் ஒப்படைக்கப்பட்டது என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். அதன் நகல் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அது வரும்வரை வரி ஓடுவது உங்கள் பெயரில்தான்.

கேள்வி (ஹாரோ): ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கடையை வாங்கப்போகிறேன். எனக்குப் புதிதாக மூன்று மாதம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அந்த மூன்று மாதம் கட்டடத்துக்கு. உரிமையாளர் மாறினால் மறுபடி தொடங்காது. கைக்கு வரும் நாளிலிருந்தே வரி. விலை பேசும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

கேள்வி (க்ராய்டன்): கொஞ்ச நாள் சில பெட்டிகளை உள்ளே வைத்து எடுத்தால் மூன்று மாதம் மறுபடி கிடைக்கும் என்கிறார்களே, ஐயா?

பதில்: முன்பு ஆறு வாரம் பயன்படுத்தினால் போதுமானதாக இருந்தது. மாக்ரோ நிறுவனத்தின் வழக்கில் 2012-ல், கிடங்கின் தரைப் பரப்பில் வெறும் 0.2 சதவீதத்தில் ஆவணங்கள் அடுக்கியிருந்ததையே பயன்பாடு என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. அதன் பிறகு இதையே தொழிலாக நடத்தினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ஆறு வாரம் பதின்மூன்று வாரமாகிவிட்டது. உண்மையிலேயே சரக்கு வைக்க இடம் தேவை என்றால் செய்யுங்கள், படமும் ரசீதும் வைத்திருங்கள். ஒன்று கவனியுங்கள்: அந்தப் பதின்மூன்று வாரமும் நடக்கும் கடைக்குரிய வரி உண்டு. உங்களுக்கு வேறு கடை இருந்தால் சிறு வணிகச் சலுகை இதற்குக் கிடைப்பது கடினம்.

கேள்வி (வெம்பிளி): ஒரு ஏஜென்ட், தன் கம்பெனி பெயருக்கு லீஸ் எழுதிக்கொடுத்தால் அந்தக் கம்பெனியைக் கலைத்துவிடுவோம், வரியே வராது என்கிறார்.

பதில்: ஒதுங்கிவிடுங்கள். ரோசெண்டேல் கவுன்சில் தொடுத்த வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தையைத்தான் பார்த்தது. சொத்தோ தொழிலோ இல்லாத பெயரளவுக் கம்பெனிக்கு லீஸ் கொடுப்பதால் உரிமையாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்ற வாதத்தை ஏற்றது. ஏஜென்ட் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பழைய பாக்கியெல்லாம் உங்கள் வாசலுக்கு வரும்.

கேள்வி (லெஸ்டர்): அப்பா காலமாகிவிட்டார். கடை அவர் பெயரில், இன்னும் மாற்றவில்லை. அம்மாவுக்கு பில் வந்திருக்கிறது.

பதில்: உங்கள் குடும்பத்துக்கு என் அனுதாபம். இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர் என்ற முறையில் மட்டும் அம்மா அதைக் கவனிக்கிறார் என்றால் காலிக் கட்டட வரியே இல்லை. மூன்று மாத வரம்பும் இதற்குக் கிடையாது. இறப்புச் சான்றிதழையும், உயில் அல்லது நிர்வாக உரிமைப் பத்திரத்தையும் இணைத்துக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். கடை அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாறியதும் இந்த விலக்கு போய்விடும்.

கேள்வி (சவுத் லண்டன் கோயில் அறக்கட்டளை): பழைய கிடங்கு வாங்கினோம், வேலை தொடங்கவில்லை. வரி உண்டா?

பதில்: உரிமையாளர் அறக்கட்டளை, அடுத்த பயன்பாடு அறப்பணி என்று காட்டினால் காலியாக இருக்கும்வரை வரி இல்லை. பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடப் பட்டியலில் உள்ள காலி இடங்களுக்கும் விலக்கு உண்டு.

கேள்வி (நியூகாஸில்): உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதுப்பிக்கிறேன். அப்போதும் வரியா?

பதில்: ரேட்டபிள் வேல்யூவை நிர்ணயிக்கும் மதிப்பீட்டு அலுவலகத்திடம் போங்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம், சண்டர்லாந்தில் மேல்மாடி ஆபீஸ் ஒன்றின் ரேட்டபிள் வேல்யூவை 1,02,000-லிருந்து ஒரே ஒரு பவுண்டாகக் குறைத்தது. உட்கூரை, மின்கம்பி, குழாயெல்லாம் கழற்றி, பயன்படுத்த முடியாத நிலையில் மறுசீரமைப்பு நடந்துகொண்டிருந்த இடம் அது. பெயின்ட் உரிந்திருக்கிறது என்பதெல்லாம் போதாது.

கேள்வி (கார்டிஃப்): வேல்ஸிலும் இதேதானா?

பதில்: மூன்று மாதமும் ஆறு மாதமும் அங்கும் உண்டு, மறுபடி பெற 26 வாரம் பயன்படுத்த வேண்டும். ஸ்காட்லாந்தில் 2023 முதல் ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவு செய்கிறது.

கேள்வி (இல்ஃபோர்ட்): கடை காலியான தேதியைக் கவுன்சில் நம்பவில்லை. ஃப்ரிட்ஜும் ஷெல்ஃபும் உள்ளே இருக்கிறதாம்.

பதில்: கடை நடந்தபோது பயன்படுத்திய இயந்திரங்களும் உபகரணங்களும் மட்டும் இருந்தால் இடத்தைக் காலி என்றே கொள்ள வேண்டும், சட்டத்திலேயே இருக்கிறது. சரக்கு இருந்தால்தான் சிக்கல். அரிசி மூட்டை, டின் மீன் எதுவும் விட்டுவைக்காதீர்கள். காலியான அன்று எடுத்த படம், மின்சார மீட்டர் ரீடிங், சரக்கு ஏற்றிய வேன் ரசீது மூன்றையும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னால் பதிவு இருக்காது.