டாப்சோனியன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு குதிக்கிறது: பதில்

உங்கள் டாப்சோனியன் (குழாயைத் தாங்கும் பெட்டி கீழ்ப்பலகையின் மேல் சுழலும் எளிய தொலைநோக்கி) பக்கவாட்டில் திருப்பும்போது ஒட்டிக்கொண்டு, தள்ளினால் திடீரெனக் குதிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பெட்டியையும் கீழ்ப்பலகையையும் இணைக்கும் நடு போல்ட்டின் நட்டை அரைச்சுற்று தளர்த்துங்கள். அந்த போல்ட் பெட்டி இடம் நகராமல் பிடிக்க மட்டுமே, இறுக்க அல்ல. 150 மடங்கு உருப்பெருக்கத்தில் வியாழன் ஒரே தள்ளலில் பார்வையை விட்டு ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதற்கும் அடங்காவிட்டால் பெட்டிக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் உள்ள டெஃப்லான் துண்டுகளைப் பாருங்கள். நீங்கள் 5 செ.மீ. சதுரம் போட்டிருக்கிறீர்கள், 8 அங்குலக் கருவிக்கு அது ரொம்பப் பெரிது. டெஃப்லான் ஒரு விசித்திரமான பொருள், அழுத்தம் குறைந்தால் உராய்வு கூடும். சதுர செ.மீ.க்குச் சுமார் 1 கிலோ விழ வேண்டும். குழாயும் பெட்டியும் சேர்ந்து 18 கிலோ என்றால் 2.5 செ.மீ. சதுரத்தில் மூன்று போதும். மூன்றும் கீழ்ப்பலகையின் கால்களுக்கு நேர் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் பலகை வளையும். ஆணித்தலை டெஃப்லானுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். டெஃப்லான் உரசும் எதிர்ப்பக்கம், அதாவது பெட்டியின் அடியில், வார்னிஷ் அடித்த பிளைவுட் வேண்டாம். சொரசொரப்பான மைக்கா ஒட்டுங்கள், பளபளப்பானது ஒட்டும்.

சோதிக்க: பயணப் பெட்டிகளை எடை போடும் ஸ்பிரிங் தராசைக் குழாய் முனையில் மாட்டிப் பக்கவாட்டில் இழுங்கள். கிளம்பும்போதும் ஓடும்போதும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

எண்ணெய், கிரீஸ் பூசாதீர்கள், தூசி சேரும். பால் பேரிங்கும் வேண்டாம், காற்றுக்கே சுழலும். சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் மக்களுக்கு வானம் காட்டிய ஜான் டாப்சனின் வடிவமைப்பில், விட்ட இடத்தில் குழாயை நிறுத்துவதே இந்த உராய்வுதான்.

ஒன்று மட்டும்: தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது பக்கவாட்டில் திருப்புவது எப்படிச் செய்தாலும் கடினம்தான்.