பட்டாளத்தார் பதில்கள்

கேள்வி: என் தம்பி மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருக்கிறான். இப்போது சியாச்சினில் போஸ்டிங். எப்போதாவது போன் வரும். அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால் "ம்" என்பான், அவ்வளவுதான் பேச்சு. எங்கள்மேல் கோபமா? அங்கே நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?
- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: கோபமில்லை, தங்கச்சி. அம்மா கேட்கும் அந்தக் கேள்விதான் அவனுக்குச் சங்கடம். 18,000 அடிக்கு மேலே பசியே எடுக்காது. டின்னில் அன்னாசி, பாதாம், சாக்லேட் எல்லாம் இருக்கும். பார்த்தாலே குமட்டும். ஆரஞ்சுப்பழம் கிரிக்கெட் பந்து மாதிரி இறுகிக் கிடக்கும். சாப்பிட்டேன் என்றால் பொய், இல்லை என்றால் அம்மா அழுவார். அதனால்தான் அந்த "ம்".

வேலை பெரும்பாலும் பனியோடுதான். ராத்திரி பெய்ததை வாரித் தள்ளாவிட்டால் குடிலே மூடிவிடும். பனிக்கட்டியை ஸ்டவ்வில் உருக்கினால்தான் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய், அந்தக் கரி மூக்கு, எச்சில், தலையணை வரை ஏறிவிடும். புகை போக வழி விடாமல் தூங்கினால் காலையில் எழுந்திருக்க மாட்டோம். அப்புறம் சென்ட்ரி டியூட்டி, அதாவது காவல். வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த போஸ்ட்டுக்குப் போவதென்றால் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பனிக்கு அடியில் பிளவு எங்கே என்று யாருக்குத் தெரியும்? குளியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நான் இருந்த 1990களில் பாகிஸ்தானோடு பீரங்கிச் சண்டையும் ஓயவில்லை. புதிதில் சத்தம் கேட்டதும் விழுந்து படுப்போம். போகப் போக ஸ்லீப்பிங் பேகுக்குள் புரண்டுகூடப் படுக்க மாட்டோம். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், அலுத்துப்போயிருந்தது. 2003 நவம்பரில் சுடுவது நின்றது, உங்கள் தம்பிக்கு அந்தச் சத்தம் இல்லை. ஆனால் பனி நிற்கவில்லை. 2016 பிப்ரவரியில் சோனம் போஸ்ட்டில் பனிச்சரிவுக்குப் பலியான 10 பேரில் பெரும்பாலோர் உங்கள் தம்பியின் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான், 19-வது பட்டாலியன்காரர்கள். இந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

அந்த உயரத்தில் தூக்கம் சரியாக வராது. கண்ணை மூடினால் வீடுதான். அதிலும் பெரிய விஷயம் எதுவும் வராது. எங்கள் கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மாற்றினார்களா இல்லையா என்று கீழே இறங்கும்வரை யோசித்தேன். வீட்டுக்காரி இன்லேண்ட் லெட்டர் முழுக்க "அனைவரும் நலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதுவாள். வால்வைப் பற்றி ஒரு வரி இருக்காது!

அதனால் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுச் செய்தி சொல்லுங்கள். எந்த மாடு கன்று போட்டது, யார் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் சண்டை, ரேஷன் கடையில் என்ன தகராறு. அவன் "ம்" கொட்டட்டும். லீவு எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள். வானம் மூடிக்கொண்டால் ஹெலிகாப்டர் வராது; அவனுக்கே தேதி தெரியாது.

கேள்வி: சியாச்சினில் ஒரு சிப்பாய்க்கே கோயில் இருக்கிறதாமே?
- ஒரு வாசகர், தேனி

பதில்: இருக்கிறது, பேஸ் கேம்ப்பில். ஓபி பாபா என்பார்கள். 1980களில் ஓம் பிரகாஷ் என்ற ஜவான் ஒற்றை ஆளாக ஒரு போஸ்ட்டைக் காத்தார், பிறகு காணாமல் போனார் என்பது கதை. மேலே ஏறும் சிப்பாய்க் குழு அவரிடம் ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பும், இறங்கி வந்ததும் மறுபடி ரிப்போர்ட். ஊரில் கோயில் வாசலை மிதிக்காதவன் நான். அங்கே அட்டென்ஷனில் நின்று நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் ஒப்பித்தேன். பக்கத்தில் நின்ற சுபேதார் சாப், பெல்ட்டைச் சரியாகப் போடச் சொல்லி அதட்டினார்.