பிடித்த மீன் எத்தனை கிலோ? டிஜிட்டல் தராசு பற்றி வாசகர் கேள்விகள்

தராசு பழுது பார்ப்பது என் தொழில். ஞாயிறானால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவது பழக்கம். அதனாலோ என்னவோ, மீன் எடை சம்பந்தமான கேள்விகள் சுற்றிச் சுற்றி என்னிடமே வருகின்றன. இந்த முறை வந்தவற்றில் சில.

50 கிலோ தாங்கும், 10 கிராம் வரை காட்டும் என்று போட்டு ஒரு கொக்கித் தராசு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. கரையிலிருந்து பாரை, சீலா பிடிப்பேன். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அந்த 10 கிராமை நம்பி வாங்காதீர்கள். திரையில் எண் பத்துப் பத்தாக மாறுவது வேறு, எடை பத்து கிராம் சுத்தமாக இருப்பது வேறு.

கொக்கிக்கு மேலே, பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சின்ன உலோகக் கட்டை இருக்கிறது. லோடு செல் என்போம். பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகள் இழுபட்டு அவற்றின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் திரை கிலோவாகச் சொல்கிறது. 50 கிலோவுக்குச் செய்த கட்டையில் அரைக் கிலோ மீனைத் தொங்கவிட்டால், அது முழுதாக வளைவதில் நூறில் ஒரு பங்குதான் வளையும். அந்தத் துளி வளைவை வெயில் சூடும் குழப்பும். கொக்கியில் ஒன்றும் மாட்டாமலே எண் இருபது, முப்பது கிராம் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லும் கணக்கு சுலபம். வழக்கமாக உங்களுக்குக் கிடைக்கும் பெரிய மீனின் எடையைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் தராசு போதும். குளத்தில் விரால், கெண்டை பிடிப்பவருக்கு 10 கிலோ. உங்களைப் போல் கரையில் நின்று வீசுபவருக்கு 25 கிலோ. 50 கிலோ தராசு, படகில் போய்ப் பெரிய சூரைக்கும் பாரைக்கும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு. வாங்கும்போது கொக்கியையும் கைப்பிடியையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். மலிவுத் தராசில் லோடு செல் கெடுவதற்கு முன் கைப்பிடி கழன்றுவிடும்.

படகில் எடை போட்டால் எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரே மீன் நாலரை என்கிறது, அடுத்த நிமிடம் ஐந்தரை என்கிறது. தராசு கெட்டுவிட்டதா?

தராசு நன்றாகத்தான் இருக்கிறது, ஆடுவது படகு. லிஃப்ட் சட்டென்று மேலே கிளம்பும்போது கால் கனக்கிறதே, அதே கதைதான் உங்கள் மீனுக்கும். அலை தூக்கும்போது மீன் கனக்கும், இறக்கும்போது லேசாகும். படகு விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் வேகம் கூடுகிற அளவுக்குத் தூக்கி எறிந்தாலே எடையில் பத்தில் ஒரு பங்கு ஏறி இறங்கும். 5 கிலோ மீன் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவே ஆடுவது அதனால்தான்.

எண்ணைப் பிடித்து நிறுத்தும் ‘ஹோல்டு’ வசதி இருந்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு கணம் எண் அசையாமல் இருந்தால் அதையே பூட்டி வைத்துக்கொள்ளும் எந்திரம் அது. அந்தக் கணம் அலையின் உச்சியாகவும் இருக்கலாம். மீன் வாலை அடித்த நேரமாகவும் இருக்கலாம். மூன்று தடவை போட்டு நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சாதனை கீதனை என்று யோசனை இருந்தால் கரைக்கு வந்து போடுங்கள். உலக அளவில் தூண்டில் சாதனைகளைப் பதிவு செய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பு, தண்ணீரின் மேல் மட்டும் போட்ட எடையை ஏற்பதே இல்லை. தராசு 12 மாதத்துக்குள் சான்று பெற்றிருக்க வேண்டும் என்றும் கேட்கும். முள் வைத்த தராசில் முள் இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றால் கீழ்க்கோட்டைத்தான் எடுக்கும். கறார்தான், எனக்குப் பிடித்த கறார்.

என் தராசு திடீரென்று எல்லா மீனையும் இரட்டிப்பாகக் காட்டுகிறது.

ஐஸ் பெட்டியில் உரசி ‘யூனிட்’ பட்டன் அமுங்கியிருக்கும். திரையின் ஓரத்தைப் பாருங்கள். பவுண்டில் இருந்தால் 3 கிலோ மீன் ஆறரைக்கு மேல் காட்டும். சரியாக 6 காட்டினால் அது ‘ஜின்’, அரைக் கிலோவுக்குச் சமமான சீன அளவு. மலிவுத் தராசு பலவற்றிலும் இது உண்டு. என் சிநேகிதர் ஒருவர் ஒரு மாதம் ஜின் கணக்கில் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தார். நாங்களும் சொல்லவில்லை.

தெருத்தெருவாக மீன் விற்கிறேன். கொக்கித் தராசு தூக்கிச் செல்ல லேசாக இருக்கிறது. அதிலேயே நிறுத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் அக்கா. கொக்கித் தராசுப் பெட்டிகளில் பெரும்பாலும் ‘வியாபாரத்துக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். காசு வாங்கி எடை போட்டால் அந்தத் தராசு தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் போய் முத்திரை வாங்கியதாக இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் சொல்வது இது. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை. பழைய கைத்தராசுக்கும் எடைக்கல்லுக்கும் 24 மாதம்.

சின்ன மேடைத் தராசாகப் பாருங்கள். பேட்டரியில் ஓட வேண்டும், தட்டு எவர்சில்வராக இருக்க வேண்டும், எண் உங்களுக்கும் வாங்குபவருக்கும் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். பக்கவாட்டில் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். நீள்வட்டத்துக்குள் ‘III’ என்று இருந்தால் சாதாரண கடை வியாபாரத்துக்கான துல்லிய வகுப்பு. அதன் பக்கத்தில் ‘மேக்ஸ் 30 கிலோ, மின் 200 கிராம், ஈ = 10 கிராம்’ என்பது போல இருக்கும். ‘மேக்ஸ்’ அதிகபட்ச எடை, ‘ஈ’ தராசின் ஒரு பிரிவு. இதில் ‘மின்’ எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தராசில் 200 கிராமுக்குக் கீழே எடை போடக் கூடாது என்று அர்த்தம். நெத்திலி, இறால் என்று நூறு, நூற்றைம்பது கிராம் கேட்பவர்கள் உங்களிடம் அதிகம் என்றால் 10 கிலோவுக்கு 2 கிராம் பிரிவுள்ள தராசை எடுங்கள்.

அந்த 30 கிலோ தராசுக்கு முத்திரை போடும்போது 5 கிலோ வரை 5 கிராமும், 20 கிலோ வரை 10 கிராமும், அதற்கு மேல் 15 கிராமும் கூடக் குறைய இருக்கலாம். அதற்குள் இருந்தால் தராசு சரி. அப்புறம், தட்டில் தேங்கும் ஐஸ் தண்ணீர். மதியம் ஆனால் அதுவே ஐம்பது கிராம் தேறும். தட்டைச் சாய்த்து ஊற்றிவிட்டு, வாங்குபவர் கண்முன்னே பூஜ்யம் காட்டிவிட்டு மீனை வையுங்கள். சண்டை பாதி குறையும்.

பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவேன். எடையும் தெரிய வேண்டும். செவுளில் கொக்கி மாட்டலாமா?

மாட்டவே மாட்டாதீர்கள். தண்ணீரில் உடம்பு முழுக்கத் தாங்கலோடு இருந்த மீனைச் செவுளிலோ தாடையிலோ தொங்கவிட்டால் மொத்தப் பாரமும் ஒரே இடத்தில் இழுக்கும். நீந்திப் போனது போலத் தெரிந்தாலும் பிழைக்குமா என்பது சந்தேகம். வலைப்பை ஒன்றை நனைத்து, தராசில் மாட்டி, ‘டேர்’ அழுத்திப் பூஜ்யமாக்கி, அப்புறம் மீனை அதில் படுக்க வையுங்கள். காய்ந்த பையில் டேர் போட்டால் பை குடிக்கும் தண்ணீரும் மீன் கணக்கில் சேர்ந்துவிடும்.

சித்திரை வெயிலில் நான் தராசையே எடுப்பதில்லை. தையல் டேப்பால் நீளத்தையும் வயிற்றுச் சுற்றளவையும் சென்டிமீட்டரில் அளப்பேன். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 29,000-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். 80 செ.மீ. நீளம், 45 செ.மீ. சுற்று என்றால் சுமார் 5.6 கிலோ. குத்துமதிப்புதான். விலாங்கு போன்ற நீளமான மீனுக்கு ஒத்துவராது.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று வாங்கிய தராசு ஆறே மாதத்தில் செத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

தராசின் மேல் ‘ஐபி67’ என்று தண்ணீர் தாங்கும் குறியீடு போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீர் உள்ளே போவதற்கு முன் பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் உப்பாகக் காய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை மூடி சரியாக அமராது. என் சொந்தத் தராசே அப்படித்தான் போனது. திறந்தால் பேட்டரி ஸ்பிரிங் முழுக்கப் பச்சை. லோடு செல்லிலிருந்து வரும் நாலு ஒயரில் வெள்ளை ஒயர் மட்டும் பற்றவைத்த இடத்தில் உப்பு தின்று, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் வீட்டில்!

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வளையத்துக்குத் துளி சிலிக்கான் கிரீஸ்.

வீட்டிலேயே தராசைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் கேன்களில் தண்ணீர் நிரப்பி இறுக மூடி, முத்திரை போட்ட மெஷின் உள்ள மளிகைக் கடையில் எடை போட்டு, வந்த எண்ணை மார்க்கரால் கேன் மேலேயே எழுதிவிடுங்கள். அதுதான் இனி உங்கள் எடைக்கல். ஒவ்வொரு கேனையும் உங்கள் தராசில் மூன்று தடவை தொங்கவிடுங்கள். எப்போதும் ஒரே அளவு, நூற்றுக்கு இரண்டு என்று கூடக் காட்டினால் பரவாயில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைய என்று காட்டினால் அதைப் பையன்களிடம் விளையாடக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

கடைக்குப் போகச் சோம்பல்பட்டு ‘ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே’ என்று கரையிலேயே பாட்டிலை நிரப்பிச் சோதித்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். கடல் தண்ணீர் லிட்டருக்கு 25 கிராம் கூட இருக்கும் ஐயா. பாட்டிலின் எடை வேறு.