சட்ட ஆலோசனை: சுவரைத் தொடாமல் கராஜை வீடாக்கினாலும் அனுமதி வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சேர். ஹட்டனில் நகர சபை எல்லைக்குள், பிரதான வீதியோரம் எங்கள் அப்பா பல வருடங்களாக லொறி கராஜ் நடத்தினார். காணி 12 பேர்ச்சஸ், உறுதி அப்பா பெயரில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் உயில் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். இப்போது அம்மா, நான், கட்டாரில் வேலை செய்யும் அண்ணன், பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி என நான்கு பேர். வாடகை வீட்டில் இருக்கும் நான், பூட்டிக் கிடக்கும் கராஜை 'இண்டஸ்ட்ரியல் லொஃப்ட்' மாதிரி வீடாக மாற்ற ஆசைப்படுகிறேன். இரும்பு பீம்களும் செங்கல் சுவரும் வெளியே தெரியும்படி விட்டு, பாதி உயரத்தில் இரும்புத் தட்டு போட்டு மேலே படுக்கையறை, கீழே சமையலறையும் ஹோலும். வெளிச்சுவரைத் தொடாததால் பிளான் தேவையில்லை என்று கட்டட வேலை செய்யும் பாஸ் சொன்னார். பீம் வேலை தொடங்கிய பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிறுத்தச் சொன்னார். தண்டப்பணம் கட்டினால் போதுமா? கராஜுக்குப் பின்னால் அப்பா 30 வருடமாகப் பழைய லொறிகள் நிறுத்திய ஒரு துண்டு இருக்கிறது. அது தோட்டக் காணி என்கிறார்கள். அதை எங்கள் பெயருக்கு எடுக்கலாமா? மதிப்பீட்டு வரி ரசீதை என் பெயருக்கு மாற்றினால் வீடு எனக்குச் சொந்தமாகிவிடுமா? அண்ணனும் தங்கச்சியும் போனில் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

பதில்: தம்பி, இன்றைக்கே பாஸுக்குச் சொல்லி வேலையை நிறுத்துங்கள். பரிசோதகர் வாயால் சொன்னது அடுத்து எழுத்தில் வரும். அதற்குப் பிறகும் வெல்டிங் நடந்தால், உங்கள் பக்கம் பேச வருகிற சட்டத்தரணியின் கையையும் கட்டிப்போட்டு விடுவீர்கள்.

பாஸ் சொன்னது பிழை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். புதிதாகச் சுவர் எழுப்பினால்தான் பிளான், உள்ளே என்ன செய்தாலும் நம் இஷ்டம் என்றுதான் நம் ஊர்களில் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஆனால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், கட்டடம் கட்டுவதோடு சேர்த்து, ஒரு காணியின் அல்லது கட்டடத்தின் பாவனையை மாற்றுவதையும் 'அபிவிருத்தி வேலை' என்றே வரையறுக்கிறது. லொறி திருத்திய இடத்தில் குடும்பம் குடியேறுவது பாவனை மாற்றம்தான். ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நீங்கள் பீமும் ஏற்றத் தொடங்கிவிட்டீர்கள். அந்தச் சட்டம் தவிர, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சட்டம் என்றாலும் உள்ளூராட்சி மன்றங்கள் இன்றும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. வேலை முடிந்து இணக்கச் சான்றிதழ் கிடைக்கும்வரை கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது என்பது அதன் 15ஆம் பிரிவு.

தண்டப்பணத்தோடு போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது. அனுமதியில்லாத வேலையை நிறுத்தும்படியும், இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அறிவித்தல் கொடுக்கலாம். அதற்கு நீங்கள் கீழ்ப்படியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, இடித்து அகற்றவே கட்டளை வாங்கலாம். தண்டப்பணம் கட்டிய ரசீது அந்தக் கட்டளையைத் தடுக்காது. செய்துவிட்ட வேலைக்குப் பின்னால் அனுமதி கேட்கும் வழியும் உண்டு. கூடுதல் கட்டணம் வரும். செய்த வேலை விதிகளுக்குள் அடங்கினால் மட்டுமே அனுமதி கிடைக்கும். தொடக்கத்திலேயே பிடிபட்டது உங்களுக்கு நல்லதாகிப் போயிற்று என்றுதான் சொல்வேன். தட்டும் போட்டு, டைல்ஸும் பதித்த பிறகு என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்ல அவ்வளவாக ஒன்றும் இருப்பதில்லை.

ஆனால் நகர சபைக்குப் போவதற்கு முன் வேறொன்றைத் தீர்க்க வேண்டும். அந்தக் கராஜ் இன்னும் உங்களுடையது இல்லை. உங்களுடையது அதில் ஆறில் ஒரு பங்குதான்.

யாழ்ப்பாணத்து உறவினர் யாராவது தேசவழமை பற்றிச் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது வட மாகாணத் தமிழர்களுக்கான சட்டம். கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கானது. மலையகத் தமிழர் நமக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி உயிரோடு இருக்கும் துணைவருக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக அம்மாவுக்கு அரைவாசி, நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஆறில் ஒன்று. கட்டிக்கொடுத்த மகள் என்பதால் தங்கச்சியின் பங்கு ஒரு அங்குலமும் குறையாது. அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த சீதனத்தைப் பங்குக் கணக்கில் சேர்க்கும்படி கேட்க அதே சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் சீதனம் வாங்கினார் என்பதாலேயே அவருடைய உரிமை இல்லாமல் போகாது. 'தங்கச்சி ஒன்றும் கேட்க மாட்டாள்' என்று அண்ணன் தம்பிமார் சொல்லும்போது எனக்கு மனது ஒப்புவதில்லை. கேட்காமல் இருப்பது அவருடைய நல்ல குணம். அந்த நல்ல குணத்தை வைத்து நாம் ஒரு வீட்டை எழுப்பக் கூடாது. அவரைக் கூப்பிட்டு, 'இதில் உனக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது, இன்றைய பெறுமதி இவ்வளவு, காசாக வேண்டுமா, விட்டுத் தருகிறாயா' என்று நேராகக் கேளுங்கள். அவர் தனக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்க விரும்பினால் அதையும் நீங்களே சொல்லி அனுப்புங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

போனில் சொன்ன சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். அண்ணன் கட்டாரில் இருப்பதால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பி, அது இங்கே பதிவாக வேண்டும். எந்தக் காணி, யாருக்கு, எவ்வளவு பங்கு என்று அதில் தெளிவாக இருக்கட்டும். பொதுவாக எழுதியதை வைத்துக்கொண்டு எந்த நல்ல நொத்தாரிசும் உறுதி எழுத மாட்டார். அப்பாவின் சொத்துகளின் மொத்தப் பெறுமதி சட்டம் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால், உறுதி எழுத முன் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகித்துப் பகிரும் வழக்கு, போட வேண்டிவரும். அதை நொத்தாரிசிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கூட்டுச் சொத்தில் மற்றவர்களின் சம்மதமில்லாமல் ஒருவர் இப்படிப் பெரிய மாற்றம் செய்தால், யாராவது ஒரு பங்காளி தடையுத்தரவு கேட்கலாம். நாளைக்கே 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், கட்டியவருக்கு அந்தப் பகுதி கிடைக்கப் பார்ப்பார்கள், அல்லது நட்டஈடு தருவார்கள். ஆனால் 12 பேர்ச்சஸில், நடுவே ஒரே கராஜ் நிற்கிற காணியை நான்காகப் பிரிப்பது பெரும்பாலும் முடியாத காரியம். கடைசியில் ஏலத்தில் போய் நிற்கும். அண்ணன் இன்றைக்கு நல்லவர்தான். அவருக்குப் பின் அவர் பங்கு அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் போகும். நீங்கள் போனில் பேசியது அவர்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

வரி ரசீது பற்றி இரண்டு வரி போதும். யார் வரி கட்டினார் என்பதை மட்டும் அது காட்டும். பெயரை மாற்றினாலும் காணி மாறாது.

பின்னால் உள்ள துண்டு விடயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை வரும் என்ற ஆட்சியுரிமைச் சட்டம் (1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கம்) தனியார் காணிக்குத்தான். அரச காணிக்கு எதிராக 30 வருடமென்ன, 60 வருடமானாலும் அது ஓடாது. பெருந்தோட்டக் காணிகள் எழுபதுகளில் அரசிடம் போயின. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோதும் நிலம் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது, உரிமை அரசிடமே நின்றது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால், செல்லுபடியாகும் எழுத்து மூல அனுமதி இருக்கிறதா என்பதுதான் நீதவான் முன் எழும் கேள்வி. எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது அங்கே எடுபடாது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்த நம் மக்களுக்கு இது எவ்வளவு கசப்பான சட்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் மலசலகூடக் குழியையோ சமையலறைப் புகைபோக்கியையோ அந்தத் துண்டில் போட்டுவிடாதீர்கள். அதைக் காரணம் காட்டியே முழு பிளானும் திரும்பி வரும். முதலில் ஒரு சேவையரை வைத்து அப்பாவின் உறுதியில் உள்ள படத்தோடு எல்லையை ஒத்துப் பாருங்கள். காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதியும் எடுங்கள். பின்னால் வங்கிக் கடன் கேட்டால் வழக்கமாக 30 வருடப் பதிவுத் தேடலும், அங்கீகரித்த பிளானும் கேட்பார்கள், அதற்கும் உதவும்.

அடுத்தது மண்மேடு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஹட்டன் பக்கம் வீதியோரக் கராஜ் என்றால் மலையை வெட்டித்தான் இடம் எடுத்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். 2011இலிருந்து மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. இதை ஒரு கடதாசி வேலை என்று பார்க்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் என்ன நடந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் முழுதும் எத்தனை மேடுகள் இறங்கின. பகலில் லொறி நின்ற இடத்தில் மேடு சரிந்தால் லொறி போகும். இனி அங்கே இரவில் நீங்களும், வயதான அம்மாவும், நாளைக்குக் குழந்தைகளும் படுத்திருப்பீர்கள். அறிக்கையில் அணைச்சுவர், மழைநீர் வடிகால் என்று நிபந்தனை போட்டால் இரும்புத் தட்டுக்கு வைத்த பணத்தை முதலில் அங்கே செலவழியுங்கள். 'கட்ட வேண்டாம்' என்று வந்தால் வேறு கையைப் பிடித்து அறிக்கை வாங்கப் பார்க்காதீர்கள். இதை உங்கள் சட்டத்தரணியாக இல்லாமல் ஊர்க்காரனாகவே கேட்டுக்கொள்கிறேன்.

வீதியும் ஒரு விடயம். ஹட்டன் வழியாக ஓடும் ஏ7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருவது. கட்டட எல்லைக்கோட்டை வீதியின் நடுவிலிருந்து அளப்பார்கள். பழைய கராஜின் முன்பக்கம் அந்தக் கோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்தப் பகுதியில் நிரந்தர வேலை செய்ய விடமாட்டார்கள். சில இடங்களில், வீதி அகலமாக்கும்போது நட்டஈடு கேட்க மாட்டேன் என்று உடன்படிக்கை எழுதி வாங்குவார்கள். கையெழுத்துப் போடுமுன் முழுதாக வாசியுங்கள். உங்கள் ஹோலின் அழகான முன்பகுதி அந்தத் துண்டுக்குள் வராமல் பிளானைப் பின்னுக்குத் தள்ளுவது நல்லது.

லொஃப்ட் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பா உழைத்த இடத்தின் பீமும் செங்கல்லும் அப்படியே தெரிய வேண்டும் என்று நினைக்கிற பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது. சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பூசாத சுவருக்குத் தடை ஏதும் இல்லை. பாதி உயரத்துத் தட்டை மட்டும் தளமாகவே கணக்கெடுப்பார்கள். மேலேயும் கீழேயும் அறைக்குரிய உயரம், தரைப் பரப்புக்கு ஏற்ற ஜன்னல், காற்றோட்டம், படிக்கட்டு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கராஜுக்கு ஒரு பெரிய ஷட்டரைத் தவிர வெளிச்சம் வர வழியிருக்காது. ஆகவே வெளிச்சுவரைத் தொடாமல் வீடாக்குவது எப்படியும் நடக்காது, ஜன்னல் வெட்டியே ஆக வேண்டும். பழைய பீம் தட்டின் பாரத்தைத் தாங்குமா என்று பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூரை பழைய அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதை வெட்டவோ துளைக்கவோ பாஸை விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. லொறிக்குக் கீழே இறங்கி வேலை செய்த குழியில் பழைய ஒயில் ஊறியிருக்கும். அந்த மண்ணை வெட்டி ஓடையில் கொட்டினால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் புது வழக்கு வரும். அப்பாவின் பெயரில் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருந்ததா என்று பழைய பைல்களில் தேடிப்பாருங்கள். கராஜ் மூடப்பட்டதை எழுத்தில் அறிவித்துவிட்டால் பாவனை மாற்ற விண்ணப்பத்துக்கு அது நல்ல ஆதாரம். மின்சாரக் கணக்கையும் வீட்டு வகைக்கு மாற்ற வேண்டும், ஆனால் அது கடைசியில்.

பிளானை அங்கீகாரம் பெற்ற படவரைஞர் அல்லது கட்டடக் கலைஞர் வரையட்டும். நகர சபையின் திட்டமிடல் குழுவுக்குப் போகும்போது, பரிசோதகர் நிறுத்தச் சொன்னதையும் நீங்கள் வேலையை நிறுத்தியதையும் ஒரு கடிதமாக இணையுங்கள். அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். கையில் பணம் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் நீடிப்புக்கு மீண்டும் அலைய வேண்டும்.

அம்மாவின் அரைவாசிப் பங்கை அவர் உங்களுக்கு எழுதித் தர விரும்பினால் நன்கொடை உறுதியாக எழுதலாம்; விற்பனை உறுதியைவிட முத்திரைத் தீர்வை குறைவு. நீங்கள் அதே உறுதியில் ஏற்றுக்கொண்டு ஒப்பமிட வேண்டும். ஆனால் ஒரு வாசகம் கட்டாயம் சேருங்கள்: அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமை, சீவிய உருத்து, அவருக்கே. ஒருமுறை எழுதிய நன்கொடையைத் திரும்பப் பெறுவது சுலபமில்லை. பிள்ளை மிக மோசமாக நடந்துகொண்டால் அதை இரத்துச் செய்ய வழி உண்டு, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அதற்குத்தான் வந்தது. ஆனாலும் அறுபது எழுபது வயதில் ஒரு தாயை நீதிமன்றப் படி ஏறவைப்பதைவிட, உறுதியிலேயே ஒரு வரி எழுதிவிடலாம். நொத்தாரிசு அதைச் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.