நகரத்தின் தயார்நிலையை எங்கே நின்று அளப்பது?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): என் மகன் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் கணக்கராக வேலை பார்க்கிறான். அங்கே மழை என்று செய்தி வந்தால் எனக்கு இங்கே உறக்கம் வருவதில்லை. ஆப்பிரிக்க நகரங்கள் பேரிடருக்கு எந்த அளவு தயாராக இருக்கின்றன என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்களாமே, அதை நம்பலாமா ஐயா?

பதில்: நம்பலாம் அம்மா. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபையின் பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் நகரங்களுக்கென ஒரு மதிப்பீட்டு அட்டையை வகுத்திருக்கிறது. அதன் முதல் நிலையில் 47 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். விரிவான நிலையில் 117 அளவுகோல்கள். அங்கே 0 முதல் 5 வரை. பொறுப்பு யாருடையது, பணம் எங்கிருந்து வரும், நிலத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், கட்டட விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா, மருத்துவமனையும் பள்ளியும் தாக்குப்பிடிக்குமா, எச்சரிக்கை மக்களைப் போய்ச் சேருமா என்று கேள்விகள் விரிகின்றன. தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு நகரங்களுக்காக, ஐ.நா. வாழ்விட அமைப்பும் மொசாம்பிக்கின் தலைநகர் மபூத்தோவில் இயங்கும் ஒரு தொழில்நுட்ப மையமும் சேர்ந்து இன்னொரு முறையை உருவாக்கின. வெளியூர் வல்லுநர் வந்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல், நகராட்சி ஊழியர்களும் குடியிருப்பவர்களும் தாங்களே உட்கார்ந்து தங்கள் ஊரை மதிப்பிடும் முறை அது.

இவை பெரும்பாலும் தன்மதிப்பீடுகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வடிகால் பொறியாளரும் வீட்டுமனை அனுமதி தருபவரும் சுகாதார அலுவலரும் ஒரே மேசையில் அமர்ந்து, அதுவரை ஒருவரை ஒருவர் கேட்டிராத கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்களே, அதைத்தான் இந்த முறையின் பெரும் பயனாக நான் கருதுகிறேன். மதிப்பெண் அதற்கு அடுத்தபடிதான். 'எச்சரிக்கை அமைப்பு உண்டா?' என்ற கேள்விக்கு 'உண்டு' என்று எழுதிவிடுவது எளிது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகருக்கு அருகே நீராகோங்கோ எரிமலை இருக்கிறது. 2002-இல் அதன் எரிகுழம்பு நகரின் நடுவே ஓடி, விமான ஓடுதளத்தின் ஒரு பகுதியையும் மூடியது. அதைக் கண்காணிக்கவே ஓர் ஆய்வகம் அங்கே உண்டு. ஆனாலும் 2021 மே மாதம் எரிமலை மீண்டும் வெடித்தபோது மக்களுக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வெளிநாட்டு நிதி நின்றுபோனதால், கருவிகளை இணைக்கும் இணையக் கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாத நிலையில் ஆய்வகம் பல மாதங்கள் இருந்தது. ஆகவே அமைப்பு உண்டா என்பதோடு, அடுத்த ஆண்டு அதற்கு யார் பணம் தருவார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

தங்கள் மகன் இருக்கும் நகரம் இந்த விஷயத்தில் உலகம் கவனித்த ஒரு வேலையைச் செய்திருக்கிறது. நகரத்தின் பெரும்பகுதி திட்டமிடாமல் வளர்ந்த குடியிருப்புகள். அவற்றுக்கு முன்பு சரியான வரைபடமே இருக்கவில்லை. 2015 முதல் ரமானி ஹூரியா என்ற திட்டத்தின் கீழ், பல்கலைக்கழக மாணவர்களும் அந்தந்தப் பகுதி மக்களும் கைப்பேசிகளோடு சந்து சந்தாக நடந்து, வீடுகளையும் நடைபாதைகளையும் சாக்கடைகளையும் யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள். எந்தச் சாக்கடை எங்கே அடைந்து நிற்கிறது, முன்பு வந்த வெள்ளம் இந்தத் தெருவில் எதுவரை ஏறியது என்று அங்கேயே குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியும்; கூரைக்குக் கீழே ஓடும் வாய்க்கால் தெரியாது.

இவ்வளவு செய்த அதே நகரத்தில்தான், மிசிம்பாசி ஆற்றின் வெள்ளப்பள்ளமான ஜங்வானியில் விரைவுப் பேருந்துகளின் பணிமனையைக் கட்டினார்கள். மழைதோறும் அது நீரில் மூழ்கியது. பிறகு மிசிம்பாசி வடிநிலத்தைச் சீரமைக்கும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டபோது, அந்தப் பணிமனையை இடம் மாற்றுவதும் அதில் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. தாங்கள் மகனிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் வீடு மிசிம்பாசிப் பள்ளத்திலா மேட்டிலா என்பதுதான். பள்ளம் என்றால், மழைக்காலத்துக்கு முன்பே இடம் மாறிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி (ஸ்ரீவைகுண்டம் வாசகர்): மொசாம்பிக்கின் பெய்ரா நகரம் வெள்ளத்தடுப்புக்குப் பெரும் பணம் செலவிட்டிருந்தும் 2019 புயலில் அழிந்துபோனதே, பிறகு தயார்நிலை என்பதற்கு என்ன பொருள்?

பதில்: செலவிட்டது வீண்போகவில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்த பெய்ரா, தூர்ந்துபோயிருந்த சிவேவே ஆற்றையும் நகர வடிகால்களையும் வெளிநாட்டு உதவியுடன் சீரமைத்திருந்தது. 2019 மார்ச் நடுவில் இடாய் புயல் தாக்கியபோது, சீரமைத்த வடிகால் இருந்த பகுதிகளில் தண்ணீர் விரைவாக வடிந்தது. ஆனால் அந்தப் புயல் நீரோடு காற்றையும் கொண்டுவந்தது. நீருக்குத் தயாராக இருந்த நகரத்தின் தகரக் கூரைகள் காற்றுக்குத் தயாராக இல்லை. சாலை துண்டிக்கப்பட்டது, தொலைபேசி செத்துப்போனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நகரத்துக்கு வெளியே பூசி, புங்வே ஆறுகள் கரைபுரண்டு உள்நாட்டுச் சமவெளியையே கடலாக்கின, மக்கள் கூரைகளிலும் மரங்களிலும் ஏறி நின்று மீட்புக்குக் காத்திருந்தார்கள். மொசாம்பிக், ஜிம்பாப்வே, மலாவி மூன்று நாடுகளிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகர எல்லைக்குள் போட்ட மதிப்பெண், எல்லைக்கு அப்பால் இருக்கும் பூசியைப் பற்றி எதுவும் சொல்லாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ரயிலும் சாலையும் அறுந்து தனித்து நின்ற ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (மேலப்பாளையம் வாசகர்): வறுமைதானே இதற்கெல்லாம் காரணம்?

பதில்: ஒரு காரணம், முழுக் காரணம் அன்று. சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் 2017 ஆகஸ்ட் 14 அன்று மலைச்சரிவு இடிந்து விழுந்து, இறந்தோரும் காணாமற்போனோருமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மறைந்ததற்கு, வேறு இடமின்றி மரம் வெட்டிய சரிவில் குடியேறிய ஏழ்மையும் காரணம்தான். ஆனால் கண்டத்தின் வசதியான நாடுகளில் ஒன்றான தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியிலும் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணெய் வளம் மிக்க லிபியாவின் டெர்னாவில், 1970-களில் கட்டிய இரண்டு அணைகள் 2023 செப்டம்பரில் உடைந்து ஆயிரக்கணக்கானோரை அடித்துச் சென்றன. அங்கே பணம் இருந்தது. அணையைப் பார்த்துப் பராமரிக்கும் அரசு இல்லை.

கேள்வி (திருநெல்வேலி டவுன் வாசகர்): இதே அளவுகோலை நம் ஊருக்கு வைத்தால் நாம் எங்கே நிற்போம்?

பதில்: மதிப்பெண் போடும் அதிகாரம் எனக்கில்லை, கேள்விகளைச் சொல்ல முடியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி பெருகி வண்ணார்பேட்டை, சந்திப்பு, கொக்கிரகுளம் எங்கும் தண்ணீர் புகுந்தது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் இருந்து எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்ற தகவல், கருப்பந்துறையில் ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டுக்கு எத்தனை மணி நேரம் முன்னதாக, யார் வாய்மொழியாகப் போய்ச் சேரும்? மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் நின்றபின் அது எப்படிப் போகும்? நயினார்குளம் மறுகால் பாய்ந்தால் அந்த நீர் இன்று எந்த வழியாக ஆற்றுக்குப் போகிறது, அந்த வழியில் எத்தனை கட்டடங்கள் நிற்கின்றன? நிவாரண முகாமாகக் குறித்து வைத்திருக்கும் பள்ளி மேட்டில் இருக்கிறதா?

குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் எதுவரை மூடியிருக்கிறது என்று பார்த்தே ஆற்றின் நிலையைச் சொல்லிவிடும் மக்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மடையைத் திறந்து மூடும் லஸ்கர்களுக்கு எந்தக் கரை பலவீனமானது என்று தெரியும். தார் எஸ் சலாம் மாணவர்கள் செய்த வேலையை நம் கல்லூரி மாணவர்கள் செய்யத் தடை ஏதும் இல்லை; கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது.

தங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது, தங்கள் தெருவில் 2023-இல் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அந்த அளவையும், மறுகால் நீர் போகும் வழியில் உள்ள அடைப்புகளையும் எழுதி மனுவாகக் கொடுத்து, அது கூட்டத்தின் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.