டெக் போட வந்த மூன்று எஸ்டிமேட்டுகளில் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: வீட்டின் பின்பக்கம், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் மரத்தில் டெக், அதாவது வீட்டை ஒட்டிய திறந்த மேடை, போட நினைக்கிறோம். மூன்று காண்ட்ராக்டர்கள் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னது ஏறக்குறைய ஒரே தொகை. மூன்றாமவர் அதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்:

முதல் தடவை நான் அப்படித்தான் கொடுத்தேன். ஆளைக் குறை சொல்ல முடியாது. சொன்ன நாளில் வந்தார், சொன்னதற்கு இரண்டு நாள் முன்பே முடித்தார், போகும்போது குப்பையைக் கூடக் கூட்டி அள்ளிவிட்டுப் போனார். பலகைகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. பார்த்தவர்கள் எல்லாம் யார் கட்டியது என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டார்கள். நானும் பெருமையாகக் கொடுத்தேன்.

ஆறாவது வருஷம், கதவைத் திறந்து காலை வைத்ததும் வீட்டை ஒட்டிய முதல் பலகை லேசாக அமுங்கியது. பலகை உளுத்திருக்கும், ஒன்றை மாற்றினால் போதும் என்று நினைத்துக் கழற்றினேன். பலகை நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே சுவரோடு சேர்த்து அடித்திருந்த சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். நனைந்த அட்டையில் இறங்குவதுபோல் பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது கூடவே கறுப்பாக நாரும் ஈரமும் வந்தது.

அந்தச் சட்டத்தைத் தொழிலில் லெட்ஜர் என்பார்கள். வீட்டுச் சுவரின் நீளத்துக்குப் படுக்கையாக அதைப் பொருத்தி, அதிலிருந்துதான் குறுக்குச் சட்டங்களை வெளிப்பக்கம் நீட்டுவார்கள். டெக்கின் சுமையில் ஏறத்தாழ பாதி அதன் மேல்தான் தொங்குகிறது. என் டெக்கில் அதைச் சுவரோடு பிடித்திருந்தது வெறும் ஆணி. ஆணி மேலிருந்து அழுத்தும் சுமையை ஓரளவு தாங்கும். ஆனால் பத்துப் பேர் கைப்பிடி ஓரம் நின்று சட்டத்தை வெளிப்பக்கம் இழுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வந்துவிடும். அங்கே போல்ட் வேண்டும், அல்லது அதற்கென்றே செய்த கனமான ஸ்க்ரூ வேண்டும். இன்னொரு குறை, லெட்ஜருக்கு மேல் தகடே வைக்கவில்லை. சுவரின் உறைக்குள் ஏறி, சட்டத்தின் தலைக்கு மேல் மடங்கி, மழைத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும் தகடு அது. ஃபிளாஷிங் என்பார்கள். அது இல்லாததால் ஆறு வருஷத் தண்ணீர் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கியிருக்கிறது. டெக்குகள் சரிந்து விழும் விபத்துகளில் அடிக்கடி பெயர்ந்து வருவது இந்த இணைப்புதான் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அதற்கு முந்தைய மாதம்தான் அதன் மேல் ஒரு பெரிய கூட்டத்தையே உட்கார வைத்திருந்தேன்.

அதனால் ஒரு காண்ட்ராக்டரை எடைபோட, பலகை போட்டதும் கண்ணுக்கு மறைந்துவிடும் இடங்களைப் பற்றித்தான் அவரிடம் பேச வேண்டும் என்பேன். பலகையும் கைப்பிடியும் யார் செய்தாலும் முதல் வருஷம் அழகாகத்தான் இருக்கும்.

இரண்டாம் தடவை வந்த ஒருவர் முதல் நாள் தொகையே சொல்லவில்லை. “சார், இந்தச் சுவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம ரேட் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்” என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் சுவரின் வெளிப்பலகையில் இரண்டு சாண் அளவுக்குக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே இருந்த மரத்தை ஆணியால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் மரம் மென்மையாக இருந்தது. சுவரில் எதையும் தொங்கவிட வேண்டாம், வீட்டுப் பக்கமும் தனித் தூண்கள் நிறுத்தி டெக்கைத் தன் காலிலேயே நிற்க வைத்துவிடலாம் என்றார். இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று மற்ற யாருமே சொல்லவில்லை. வேலையை அவரிடம்தான் கொடுத்தேன்.

சரி, உங்கள் எஸ்டிமேட்டுக்கு வருவோம். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த தொகைக்காரர் தாளில் “மரம், சாமான், கூலி உட்பட” என்று ஒரே வரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மூன்று பேரும் மூன்று வேறு டெக்குகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், ஒப்பிடவே முடியாது. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே 16 அங்குலம் விடுகிறாரா, 24 அங்குலம் விடுகிறாரா? 24 விட்டால் சட்டம் எவ்வளவோ மிச்சம், ஆனால் பலகை மெலிதாக இருந்தால் காலடியில் துள்ளும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் பலகை என்றால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 16 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். பலகையைச் சாய்வாகப் போட்டால் இன்னும் நெருக்கமாக வேண்டும். தூணுக்கு எவ்வளவு ஆழம் தோண்டுகிறார்? தரை உறையும் குளிர்ப் பகுதி என்றால் அந்த உறையும் ஆழத்துக்குக் கீழே கான்கிரீட் போக வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் மண் உப்பி தூணைத் தூக்கிவிடும். படிக்கட்டு கணக்கில் சேர்ந்ததா? பழையதைப் பிரித்து அப்புறப்படுத்துவது யார்? பாதித் தொகை இந்த இடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

எவ்வளவு சுமைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதிநூல் டெக்குக்கு சதுர அடிக்கு 40 பவுண்டு என்கிறது, அதாவது சதுர மீட்டருக்கு 195 கிலோ அளவு. அதே நூலின்படி, தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயரம் போனால் குறைந்தது 36 அங்குல உயரத்துக்குத் தடுப்பு வேண்டும், கம்பிகளின் இடைவெளியில் 4 அங்குல உருண்டை நுழையக் கூடாது. குழந்தையின் தலையை நினைத்து வைத்த கணக்கு அது. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், அதைக் காண்ட்ராக்டர் தயங்காமல் சொல்ல வேண்டும். “அதெல்லாம் அனுபவத்துல வர்றது சார்” என்று சிரித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

ஸ்க்ரூவும் தகடும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். வெளி வேலைக்கு வரும் மருந்தேற்றிய மரத்தில் முன்பு ஆர்சனிக் கலந்த மருந்து இருந்தது. அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தவற்றில் செம்பு அதிகம், செம்பு சாதாரண இரும்பை வேகமாக அரிக்கும். அதனால் ஆணி, ஸ்க்ரூ, சட்டத்தைத் தாங்கும் ஹேங்கர் எல்லாம் கனமாகத் துத்தநாகம் பூசியதாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். இதை ஒரு வரியாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஹேங்கரில் எத்தனை ஓட்டைக்கு ஆணி அடிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். என் பழைய டெக்கில் ஒவ்வொன்றிலும் நாலு மட்டும் அடித்து மிச்சத்தைச் சும்மா விட்டிருந்தார்கள். அது குனிந்து பார்த்தாலே தெரியும், நான் ஆறு வருஷம் குனியவில்லை.

அனுமதி வாங்கத் தேவையில்லை என்று காண்ட்ராக்டர் சொன்னால் நம்பிவிடாமல் நீங்களே கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதியை உங்கள் பெயரில் நீங்களே எடுங்கள் என்று சொல்கிறார் என்றால், ஏன் தன் பெயரில் எடுக்க முடியவில்லை என்று விசாரியுங்கள். வேலை செய்பவர்கள் யாராவது விழுந்தால் பொறுப்பேற்கும் காப்பீடு இருக்கிறதா என்பதையும் வாய் வார்த்தையில் விடாமல் காகிதத்தில் பாருங்கள்.

பழைய வாடிக்கையாளர்களின் பெயர் கேட்டால் எல்லோரும் போன மாதம் முடித்த வேலையைக் காட்டுவார்கள். நாலைந்து வருஷம் மழை பார்த்த டெக் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போனதும் மேலே ஏறாமல் முதலில் அடியில் நுழைந்து பாருங்கள். துரு வழிந்த கோடு, லெட்ஜர் ஓரத்தில் கறுத்த திட்டு, சுவரை விட்டு விலகிய இடைவெளி இவற்றைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. வீட்டுக்காரரிடம், கட்டி முடித்த பிறகு ஏதாவது பிரச்சினை என்று கூப்பிட்டபோது வந்தாரா என்று மட்டும் கேளுங்கள், போதும்.

பணத்தை வேலைக்கு முன்னால் ஓட விடாதீர்கள். பாதிக்கு மேல் அட்வான்ஸ் கேட்பவர் பெரும்பாலும் முந்தைய வேலையின் கடனை உங்கள் பணத்தில் அடைக்கிறார். நான் போட்டது இப்படி: ஆரம்பத்தில் கொஞ்சம், தூண் கான்கிரீட் முடிந்ததும் ஒரு பகுதி, சட்டங்கள் எல்லாம் பூட்டி பலகை போடுவதற்கு முன்பு ஒரு பகுதி, கடைசியில் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்து எல்லாம் சரிபார்த்த பிறகு. இதில் மூன்றாவதுதான் முக்கியம். நான் வந்து பார்த்துப் போட்டோ எடுக்கும்வரை ஒரு பலகைகூடப் போடக் கூடாது என்று எழுதியே வாங்கினேன். ஒவ்வொரு ஹேங்கர், ஒவ்வொரு போல்ட் என்று நூற்றுக்கு மேல் படம் எடுத்தேன். அவருக்கு அரை நாள் வீண், கொஞ்சம் முணுமுணுத்தார். ஆனால் தூண்களின் அடித் தகட்டை அவரே டார்ச் அடித்துக் காட்டினார்.

உங்கள் மூன்றாமவரை உடனே ஒதுக்க வேண்டாம். சட்ட இடைவெளி, தூண் ஆழம், போல்ட், ஃபிளாஷிங், ஸ்க்ரூ வகை, படி, அப்புறப்படுத்தல் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மூன்று பேருக்கும் கொடுத்து மறுபடி தொகை கேளுங்கள். இரண்டாம் தடவை நான் அப்படிக் கொடுத்தபோது, எல்லாரையும் விடக் குறைவாகச் சொன்னவரின் புதுத் தொகை நடுவில் இருந்தவரைத் தாண்டிவிட்டது. இன்னொருவர் தாளை வாங்கிக்கொண்டு போனவர், திரும்பிக் கூப்பிடவே இல்லை.