சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் வலசைப் பறவைகளை எப்போது பார்க்கலாம்?

பருவத்துக்குப் பருவம் நாடு விட்டு நாடு போய்த் திரும்புவதுதான் வலசை. சைபீரியா பக்கம் குஞ்சு பொரிக்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே நிலம் உறைந்து இரை கிடைக்காமல் போவதற்குள் கிளம்பிவிடும். பினாங்குக்குக் கார் ஓட்டுகிறவர்கள் வழியில் நிறுத்தி டீ குடித்து, பெட்ரோல் போட்டுக்கொள்வதுபோல, சில இங்கே வயிறு நிரப்பிக்கொண்டு ஆஸ்திரேலியாவரை போகும்; சில இங்கேயே தங்கிவிடும். செப்டம்பர் முதல் மார்ச் வரை சீசன்.

சுங்கை பூலோவில் உள்ள குளங்கள் முன்பு இறால் பண்ணைகள். கடல் வற்றும்போது பறவைகள் வெளியே சேற்றில் பரவிப் புழுவும் நண்டும் தேடும். தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கியதும் கூட்டமாகக் குளத்துக்கு வந்து, ஒற்றைக்காலில், அலகைச் சிறகுக்குள் செருகி நிற்கும். நிதானமாகப் பார்க்க இதுதான் நேரம்.

விடியற்காலையில் போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் வற்றியிருந்தால் அப்போதும் குளம் காலியாகத்தான் கிடக்கும். கிளம்புமுன் கடலேற்ற நேரத்தைப் பாருங்கள்.